இருபத்தொன்பதாம் தேதிக் கிளை

பாய்சாந்து,
3 மார்ச் 1992

அன்புள்ள ஒலிந்தா அக்காவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கு? படி ஏறும்போது இன்னும் ஆல்சிதெஸ் அத்தானைத் துணைக்குக் கூப்பிடுறியா? அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, பாவம், அங்கேயாவது நிம்மதியா இருக்கட்டும் விடு. நான் சுகம். வேலை போனதுல இருந்து கொஞ்சம் சதை போட்டிருக்கு, அவ்வளவுதான்.

நான் கம்ப்யூட்டர் பிரிவுல இருந்த கம்பளி ஆலையை மூடினப்போ நீ சொன்னே, வீட்டைப் பூட்டிட்டு தலைநகர் மொந்தேவிதேயோவுக்கு வந்து உன்கூடவே இருந்துடுன்னு. நான் ஒரு வருஷம் டைம் கேட்டேன். அது எதுக்குன்னு இப்ப சொல்றேன். திட்டறதுக்கு முன்னாடி முழுசாப் படி.

சனிக்கிழமை, பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி, கணினித் துறையினர் சங்கத்தோட பாய்சாந்துக் கிளையை ஆரம்பிச்சுட்டோம். தலைவர் எடிசன் லர்ரால்தே, ஊர் நடு பிளாசா மைதானம் பக்கத்துல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்காரே, அவர். பொருளாளர் பாங்கு கம்ப்யூட்டர் பிரிவு வாஷிங்டன் பிந்தோஸ். செயலாளர் உன் தங்கச்சி. ஒரு டஜன் பேர் சேர்ந்திருக்கோம், எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் முட்டாள்னு நினைக்கிறவங்க, அதனால பேச்சு நல்லா இருக்கும்.

கூட்டம் போச்சாஸ் கிளப்ல. அந்தப் பக்கம் கிழவனுங்க பந்து உருட்டுவாங்க, இந்தப் பக்கம் நாங்க. மாசாமாசம் இருபத்தொன்பதாம் தேதி கூடறதுன்னு விதியே எழுதிட்டோம். ஏன்னு நீயே கண்டுபிடிச்சிருப்பே. அன்னைக்கு ஞோக்கி உருண்டை சாப்பிட்டா அதிர்ஷ்டமாச்சே, கிளப் சமையல்கார ரமோனா அம்மா அன்னைக்குத்தானே பண்ணுவாங்க. கம்ப்யூட்டர்காரனை மீட்டிங்குன்னு கூப்பிட்டா தலைவலின்னு சொல்வான். உருளைக்கிழங்கு ஞோக்கின்னு சொல்லு, பணம் பெருகணும்னு தட்டுக்கு அடியில வைக்கிற நோட்டோட முதல் ஆளா வந்து நிப்பான்.

இப்ப முக்கியமானது. தலைமையகம் எங்களுக்கு ஒரு வருஷத்துக்குத் தற்காலிக அனுமதிதான் கொடுத்திருக்கு. மார்ச்ல ஆரம்பிச்சு அடுத்த பிப்ரவரி வரைக்கும், எங்க விதியில எழுதினபடியே, ஒரு மாசம் கூட விடாம கூடணும். ஒண்ணு தவறினாலும் கிளை கலைஞ்சுடும். தவறலைன்னா நிரந்தரம். நிரந்தரக் கிளைக்குத்தான் சாயங்கால சான்றிதழ் வகுப்பு நடத்த உரிமை. அந்த வகுப்புக்கு டீச்சர் நான், சம்பளத்தோட.

நாம பேசினபடிதான். கிளை நிலைச்சா நான் இங்க. நிலைக்கலைன்னா அடுத்த மார்ச்ல பெட்டியோட உன் வாசல்ல நிப்பேன். சத்தியம்.

போனைக் கட் பண்ணிட்டேன், பில்லு கட்ட மனசில்லை. கடிதம் போடு.

அன்புத் தங்கை,
சூல்மா

மொந்தேவிதேயோ,
16 மார்ச் 1992

அன்புள்ள சூல்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, கேட்டதற்கு நன்றி. ஆல்சிதெஸைக் கேலி செய்ததற்கு நன்றி இல்லை.

வாஷிங்டனும் எடிசனும் சேர்ந்து கிளை தொடங்கினார்கள் என்று படித்ததும், நம் ஊரில் பெற்றவர்கள் பெயர் வைக்கும்போது வைத்திருந்த நம்பிக்கையை நினைத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் அந்தப் புழுதி ஊரை விட்டு வந்தபோது திரும்பி வரமாட்டேன் என்று சபதம் செய்தேன். இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. நீ மட்டும் அங்கே எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய் என்று எனக்குப் புரியவில்லை.

ஆனாலும் பேச்சு பேச்சுதான். ஒரு வருடம் ஆடிக்கொள். இத்தனை ஆண்டுகள் பள்ளிக்கூட அலுவலகத்தில் உட்கார்ந்து எத்தனையோ சங்கங்கள் முளைத்ததைப் பார்த்தவள் நான். மூன்றாவது மாதத்தில் தலைவருக்கும் பொருளாளருக்கும் பேச்சு நின்றுவிடும். ஐந்தாவது மாதத்தில் செயலாளர் தனியாக நாற்காலி அடுக்குவார். அடுத்த மார்ச்சில் நீ வருவாய், நான் பின்பக்க அறையைக் காலி செய்து வைக்கிறேன்.

குளிருக்கு முன்னால் கூரையைப் பார்த்துக்கொள். அம்மா இருந்தபோதே அது ஒழுகியது.

அன்புடன்,
ஒலிந்தா

பாய்சாந்து,
4 மே 1992

அன்புள்ள அக்காவுக்கு,

கூரை ஒழுகலை. ஒழுகினாலும் உனக்குச் சொல்ல மாட்டேன். உன் உடம்பு எப்படி? ராத்திரி சூப்பு மட்டும் குடிச்சுட்டுப் படுக்காதே, ஒழுங்காச் சாப்பிடு.

ரெண்டு கூட்டம் முடிஞ்சாச்சு. மார்ச்ல எடிசன் ரெண்டு கம்ப்யூட்டரை ஒயரால இணைச்சு ஒண்ணுல தட்டினா இன்னொண்ணுல தெரியும்னு காட்ட வந்தாரு. ஒரு மெஷினை இந்தச் சுவத்துல வச்சாரு, இன்னொண்ணை எதிர்ச் சுவத்துல. ஒயர் நேரா போச்சாஸ் ஆடற தடத்துக்குக் குறுக்கே. கிழவனுங்க கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தானுங்க, அப்புறம் ஒருத்தன் குறி பார்த்து உருட்டினான் பாரு, ஒயர் பிடுங்கிக்கிச்சு. எடிசன் அந்தப் பக்கம் என்னென்னமோ தட்டிக்கிட்டே இருக்காரு, இந்தப் பக்கம் ஒண்ணும் வரலை. கடைசியில கிழவனே எழுந்து போய், "பிளக்கு கழண்டிருச்சு சார்"னு அவர் காதுல சத்தமாச் சொல்லிட்டு வந்தான். கிளப் முழுக்கக் கைதட்டல். அடுத்த மாசத்துல இருந்து பாதிக் கிழவனுங்க எங்க பேச்சைக் கேக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிறானுங்க.

ஏப்ரல்ல ஸ்கூல் பிள்ளைங்களைக் கூப்பிட்டோம். ஒரு பொண்ணு என்கிட்ட, கம்ப்யூட்டர் தூங்கும்போது கனவு வருமான்னு கேட்டா. நான் பதில் யோசிக்கறதுக்குள்ள வாஷிங்டன் மெமரியைப் பத்தி நீளமா விளக்க ஆரம்பிச்சுட்டான், அந்தப் பொண்ணு நின்னுக்கிட்டே தூங்கிடுச்சு.

வாஷிங்டன் ஒரு புரோகிராம் எழுதியிருக்கான். ஒரு தடவை தட்டினா கூட்டத் தேதி, கிழமை, அழைப்பு எல்லாம் அதுவே போட்டுக் கொடுத்துடுது. எனக்கு வேலை மிச்சம். அதைப் பத்தி நாம ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னாப் போதும், அன்னைக்கு முழுக்க ஆளைப் பிடிக்க முடியாது.

தலைவருக்கும் பொருளாளருக்கும் பேச்சு நிக்கலை, அக்கா. நிக்கணும்னுதான் நாங்களே பாக்கறோம்.

சூல்மா

மொந்தேவிதேயோ,
20 ஜூலை 1992

அன்புள்ள சூல்மாவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஜூலைக் குளிர்தான். கடற்கரைச் சாலையில் காற்று ஆளைத் தூக்குகிறது, வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன்.

மேல் வீட்டுப் பெரேராத் தம்பதி மகனோடு இருக்கப் போய்விட்டார்கள். இப்போது மாடியில் யாருமில்லை. சாயங்காலம் ரேடியோவோடு பேச ஆரம்பித்திருக்கிறேன். அது உன்னைவிட ஒழுங்காகப் பதில் சொல்கிறது.

பின்பக்க அறைக்கு வெளிர்மஞ்சள் பூசச் சொன்னேன். வாசமடிக்கிறது என்று ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். உனக்காக அவசரப்பட்டுச் செய்யவில்லை, எப்படியும் பூச வேண்டியிருந்தது. ஒரு கட்டிலும் பார்த்து வைத்திருக்கிறேன், தள்ளுபடியில்.

ஐந்தாவது மாதம் வந்துவிட்டது. நாற்காலி அடுக்குவது யார்?

அன்புடன்,
ஒலிந்தா

பாய்சாந்து,
1 செப்டம்பர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

நாற்காலி அடுக்கறது போச்சாஸ் கிழவனுங்க. நாங்க கேக்கவே இல்லை, அவனுங்களே பண்றானுங்க. நீ எப்படி இருக்கே? ரேடியோவை நான் விசாரிச்சதாச் சொல்லு.

ஜூலையில உயிர் போய் உயிர் வந்துச்சு. ஊருக்கே ஃபுளூ. இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் வரைக்கும் நானும் எடிசனும்தான். கூட்டம்னு சொல்ல அஞ்சு பேராவது வேணும். வீடு வீடாப் போனேன். வாஷிங்டன் ஜுரத்தோட போர்வைக்குள்ள கிடந்தான், போர்வையோடவே கூட்டிட்டு வந்துட்டேன். "சூல்மா, நான் செத்துப்போனா அது இயற்கை மரணம் இல்லை, எழுதி வை"ன்னு வழியெல்லாம் புலம்பல். ஞோக்கியைப் பார்த்ததும் ரெண்டு தட்டு சாப்பிட்டான். சாகலை.

ஆகஸ்ட்ல நடந்ததைக் கேளு. வெளியில நல்ல மழை, ரமோனா அம்மா எங்க மேல இரக்கப்பட்டு முதல்ல மழை நாள் பலகாரம் தோர்த்தா ஃப்ரித்தா, எண்ணெயில பொரிச்ச ரொட்டி, சுட்டுக் கொடுத்தாங்க. உள்ளே எடிசன் கம்ப்யூட்டர் வைரஸ் பத்திப் பேசினாரு. தெரியாத டிஸ்கை மெஷின்ல போடவே கூடாது, அது எப்படிப் பரவும், எப்படித் தற்காத்துக்கணும், எல்லாம் பிரமாதமாச் சொன்னாரு. முடிச்சதும் நிஜ வைரஸ் இருக்கிற ஒரு டிஸ்கை எடுத்துக் காட்டினாரு. எல்லாருக்கும் ஆசை. எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணுன்னு ஆளாளுக்குக் காப்பி எடுத்துக்கிட்டுப் போனோம். மறுநாள் காலையில பாய்சாந்துல ஒரு கம்ப்யூட்டரும் ஒழுங்கா ஓடலை, கணினித் துறையினர் வீட்டு கம்ப்யூட்டர் மட்டும்தான் சொல்றேன். மத்த ஊர் ஜனங்க மெஷின் எல்லாம் ஜம்முனு ஓடுது. சிரிச்சு சிரிச்சு எனக்கு விலா வலிச்சுப்போச்சு.

ஆத்துக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினாக் கம்ப்யூட்டர்காரங்களோட கால்பந்தும் ஆடினோம். ஸ்கோர் கேக்காதே.

கட்டில் வாங்கிடாதே. பொறு.

சூல்மா

பாய்சாந்து,
2 டிசம்பர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

மூணு மாசமாச்சு, உன்கிட்ட இருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? இல்லை, கட்டில் பத்தி சொன்னதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டியா? எதுவா இருந்தாலும் எழுது. எனக்கு இங்க இருப்புக் கொள்ளலை.

நவம்பர் கூட்டத்தை பிளாசாவுல வச்சோம், ஊரே வந்துச்சு. ஆண் பெயரும் பெண் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்தா எவ்வளவு பொருத்தம்னு மெஷின் சொல்லும், நான் விளையாட்டா எழுதினது. நம்ம இறைச்சிக் கடை துக்கோவுக்கும் அவன் பொண்டாட்டிக்கும் பொருத்தமே இல்லைன்னு வந்துச்சு. இருபது வருஷமா நான் சொன்னதை இந்தப் பெட்டி ஒரு நொடியில சொல்லிடுச்சேன்னு அவ சத்தம் போட, அவன் வெக்கப்பட்டு அவளுக்கு அங்கேயே ஒரு சாஹா கேக் வாங்கிக் கொடுத்தான். பீச் பழமும் முட்டை நுரையும் மூஞ்சியெல்லாம் அப்பிக்கிட்டு ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே போனாங்க. சாயங்கால வகுப்பு எப்போன்னு கேட்டு இத்தனை பேரு என்னைச் சூழ்ந்துக்குவாங்கன்னு நான் நினைக்கவே இல்லை.

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. இன்னும் மூணே மூணு ஞோக்கி. கடைசிக் கூட்டத்துக்குத் தலைமையகத்துல இருந்து வின்யோலின்னு ஒரு அதிகாரி பார்க்க வர்றாரு. வாஷிங்டன் புரோகிராம் போட்டுக் கொடுத்த தேதியெல்லாம் கிளப் சுவத்துல ஒட்டியிருக்கோம். கடைசி வரி: 29 பிப்ரவரி 1993, திங்கள். நீ அதுக்குக் கண்டிப்பா வரணும். சபதம் கிபதம்னு சொன்னே, நடக்கறதே வேற.

சூல்மா

மொந்தேவிதேயோ,
17 டிசம்பர் 1992

அன்புள்ள சூல்மாவுக்கு,

நான் நலம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. எழுத ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை.

மருந்துக் கடையில் புது வருட நாள்காட்டி கொடுத்தார்கள். உன் கடைசிக் கூட்டத்தன்று ஒரு வட்டம் போடலாம் என்று பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல நினைத்தேன். பிறகு பார்க்கலாம். அவசரமில்லை.

கட்டிலை வாங்கிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். டிசம்பர் கோடை வெயிலில் அதிகம் அலையாதே.

ஒலிந்தா

பாய்சாந்து,
5 ஜனவரி 1993

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்து. இவ்வளவு சின்னக் கடிதம் நீ எனக்குப் போட்டதே இல்லை. என்னமோ சொல்ல நினைச்சேன்னு எழுதியிருக்கே. முழங்காலா? டாக்டர் ஏதாவது சொன்னாரா? மறைக்காதே, அக்கா. நான் அடுத்த பஸ்லயே வர்றேன்னு சொன்னா வந்துடுவேன்.

டிசம்பர் கூட்டமும் நல்லபடியா முடிஞ்சுது.

உன்கிட்ட ஒண்ணு ஒளிக்காமச் சொல்லணும். போன மார்ச்ல இதை ஆரம்பிச்சப்போ பாதி விளையாட்டுதான். ஒரு வருஷம் ஓட்டிட்டு உன்கூட வந்துடலாம்னு உள்ளுக்குள்ள நினைச்சிருந்தேன். இப்ப அப்படி இல்லை. ஆலையை மூடின அன்னைக்கு வீட்டுக்கு வந்து சமையலறையில உட்கார்ந்தேன், இனிமே என்னை யாருக்கும் வேணாம்னு தோணுச்சு. இப்ப தெருவுல போனா சின்னப் பசங்க டீச்சர்னு கூப்பிடுறாங்க, வகுப்பே இன்னும் ஆரம்பிக்கலை. எனக்கு இது வேணும், அக்கா. ரொம்ப வேணும். உன்கூட இருக்க ஆசை இல்லைன்னு அர்த்தம் இல்லை. ரெண்டும் வேணும்னுதான் பேராசை.

சொல்லிட்டேன். திட்டு.

சூல்மா

மொந்தேவிதேயோ,
21 ஜனவரி 1993

சூல்மா,

இதைத் தபாலில் போடவில்லை. பாய்சாந்து பஸ் ஓட்டுநர் கையில் கொடுத்து, உன் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. நீ கேட்ட விஷயம் வேறு. நாள்காட்டியை எடுத்துப் பார். இந்த வருடம் பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான். உங்கள் கடைசிக் கூட்டத்துக்குத் தேதியே இல்லை.

வட்டம் போட உட்கார்ந்த அன்றே பார்த்துவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. ஒரு டஜன் கம்ப்யூட்டர்காரர்கள், சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு ஒருவரும் பார்க்கவில்லை. உடனே உனக்கு எழுதக் காகிதத்தை எடுத்தேன். அப்போது பின்பக்க அறையின் கதவு திறந்திருந்தது. மஞ்சள் சுவரும் கட்டில் போட வேண்டிய இடமும் தெரிந்தன. நான் சொல்லாவிட்டால் நீ மார்ச்சில் வந்துவிடுவாய். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, தப்பு அவர்களுடையது. அதனால் எழுதவில்லை. சாயங்காலங்கள் நீளமாக இருக்கின்றன, சூல்மா. அதை உனக்கு இதுவரை சொன்னதில்லை.

உன் ஜனவரிக் கடிதத்தை நேற்றும் படித்தேன், இன்றும் படித்தேன். இதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. இந்த ஜனவரி இருபத்தொன்பதாம் தேதிக் கூட்டத்துக்கு இன்னும் நாளிருக்கிறது. ஏதாவது செய்யுங்கள்.

என் மேல் கோபம் வந்தால் வரட்டும். நியாயம்தான்.

ஒலிந்தா

பாய்சாந்து,
31 ஜனவரி 1993

என் அக்காவுக்கு,

நீ கொடுத்தனுப்பின மறுநாள் காலையிலயே டிரைவர் கதவைத் தட்டினான். படிச்சேன். நாள்காட்டியைப் பார்த்தேன். விரலை வச்சு ஒவ்வொரு கட்டமா எண்ணினேன்.

உன் மேல கோபம் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். பாத்திரம் கழுவி முடிக்கிற வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் நீ அந்த வீட்டுல ரேடியோகூடப் பேசிக்கிட்டு இருக்கறதை நினைச்சேன். எல்லாத்தையும் சிரிப்பாவே எழுதிக்கிட்டு இருந்தேனே தவிர, ஒரு தடவையாவது நீ தனியா எப்படி இருக்கேன்னு ஒழுங்கா விசாரிச்சேனா? அந்தக் கோபம் அதோட போச்சு. இனி அந்தப் பேச்சு வேணாம்.

இப்ப வெள்ளிக்கிழமை கூட்டத்தைக் கேளு. நான் எழுந்து, பிப்ரவரியில இருபத்தொன்பதாம் தேதி இல்லைன்னு சொன்னேன். யாரும் நம்பலை. வாஷிங்டன் அடுப்படிக்குப் போய் ரமோனா அம்மாவோட நாள்காட்டியைக் கழட்டிக்கிட்டு வந்தான். பிப்ரவரியைப் பார்த்தான். மார்ச்சைத் திருப்பினான். காகிதத்துக்குப் பின்னாடி பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து, "போன வருஷம் இருந்துச்சே"ன்னான்.

பயல் போன வருஷத்தைப் பார்த்து புரோகிராம் எழுதியிருக்கான், பிப்ரவரிக்கு இருபத்தொன்பதுன்னு நிரந்தரமாப் போட்டு வச்சிருக்கான். விதியை எழுதின நாங்களும் அதே பிப்ரவரியில, அதே இருபத்தொன்பதாம் தேதி உட்கார்ந்துதான் எழுதினோம். நாலு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற நாளைக் கணக்குல விட்டுடாதேன்னு ஊர்ல இருக்கிற ஒவ்வொரு கடைக்காரன்கிட்டயும் பாடம் எடுக்கிற ஆளுங்க நாங்க. முதல்ல எடிசன் சிரிக்க ஆரம்பிச்சாரு, அப்புறம் எல்லாரும், போச்சாஸ் கிழவனுங்க ஆட்டத்தை நிறுத்திட்டு என்னடான்னு வந்து கேட்டு, அவனுங்களும். வாஷிங்டன் மட்டும் நாள்காட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நான்தான் அவனை உட்கார வச்சு ஒயின் ஊத்திக் கொடுத்தேன்.

சிரிப்பு அடங்கினதும் எடிசன் விதித் தாளை எடுத்துப் படிச்சாரு. விதியை வழக்கமான கூட்டத்துலதான் மாத்தலாம், வழக்கமான கூட்டம்னா இருபத்தொன்பதாம் தேதி. அன்னைக்கு விட்டிருந்தா அம்போதான். நீ எழுதலைன்னா கிளை அதோட முடிஞ்சுது. அதை அங்க எல்லார் முன்னாடியும் சொன்னேன், உன் பெயரைச் சொல்லி. எழுந்து நின்னு கைதட்டினாங்க.

ஒரு வரி மாத்தறதுக்கு மூணு மணி நேரச் சண்டை. கடைசி நாளா, கடைசி வேலை நாளா, கடைசி ஞாயிறான்னு. ரமோனா அம்மா கரண்டியோட வெளியே வந்து, ஆறிப்போச்சு, இனி சூடு பண்ண மாட்டேன்னதும் எல்லாரும் கை தூக்கிட்டாங்க. "இருபத்தொன்பதாம் தேதி, அது இல்லாத மாதத்தில் கடைசி நாள்." அப்ப ரமோனா அம்மா ஒரு குண்டு போட்டாங்க. இருபத்தெட்டாம் தேதி ஞோக்கி பண்ணினா அதிர்ஷ்டம் வராதாம், தன்னால முடியாதாம். உள்ளே கறி வச்ச ராவியோலி வேணா பண்றாங்களாம். சரின்னுட்டோம்.

கார்னிவல் முடிஞ்ச அடுத்த ஞாயிறு, இருபத்தெட்டாம் தேதி. வின்யோலியும் வர்றாரு. நீயும் வர்றே. கேக்கலை, சொல்றேன்.

சூல்மா

பாய்சாந்து,
16 மார்ச் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நிரந்தரம். தலைமையகத்துக் கடிதம் நேத்து வந்துச்சு. எடிசன் அதைக் கடை ஜன்னல்ல ஒட்டி வச்சிருக்காரு, ஊரே நின்னு படிக்குது. வகுப்பு ஏப்ரல்ல ஆரம்பம். இருக்கிற நாற்காலிக்கு மேல ஆள் சேர்ந்தாச்சு, போச்சாஸ் கிழவன் ஒருத்தனும் பெயர் கொடுத்திருக்கான்.

ஆனா என் சந்தோஷம் பாதிதான். கூட்டத்தன்னைக்கு நீ நல்லாத்தான் சிரிச்சே, வாஷிங்டனோட டாங்கோ கூட ஆடினே, முழங்கால் எங்க போச்சுன்னு தெரியலை. மறுநாள் காலையில பஸ் ஸ்டாண்டுல ஒரு வார்த்தை பேசலை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டே. அதுக்கப்புறம் கடிதமும் இல்லை. நான் ஜெயிச்சேன், நீ தோத்தே, அப்படித்தானே?

இன்னொண்ணு. வின்யோலி எழுதின கடிதத்துல ஒரு வரி இருக்கு. "செயலாளர் ஊரை விட்டுப் போகப்போவதில்லை என்ற உறுதிமொழி கிடைத்ததால், எங்கள் தயக்கம் நீங்கியது." என்ன உறுதிமொழி? என்னை யாரும் கேக்கலை. எடிசன் தான் கொடுக்கலைன்னு சத்தியம் பண்றாரு. நான் மொந்தேவிதேயோ போறேன்னு அந்த ஆளுக்கு யார் சொன்னது, போகலைன்னு யார் சொன்னது? உனக்கு ஏதாவது தெரியுமா?

உடம்பைப் பார்த்துக்கோ. எழுது.

சூல்மா

மொந்தேவிதேயோ,
22 மார்ச் 1993

அன்புள்ள சூல்மாவுக்கு,

இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம். பயப்படாதே, நான் நன்றாக இருக்கிறேன். முழுதும் படி.

அன்று ராவியோலி சாப்பிடும்போது வின்யோலி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நீ முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினோடு போராடிக்கொண்டிருந்தாய். நாலு கிழவர்கள் உன்னைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், நீ ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினாய். உன்னை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அம்மா இருந்தபோதுகூட இல்லை.

வின்யோலி நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். உங்கள் தங்கை தலைநகருக்கு வந்துவிடப் போகிறாராமே என்றார். உங்களில் யாரோ உளறியிருக்கிறார்கள், அநேகமாக வாஷிங்டன். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தக் கிளை அவர் ஒருவர் தலையில் நிற்கிறது, அவர் போய்விட்டால் ஆறு மாதம் தாங்காது, அதனால் நிரந்தர அனுமதியை இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லி எழுதப்போகிறேன் என்றார். எனக்குக் கேட்டது அவர் சொன்னது மட்டும் இல்லை. உன்னை என்னோடு அழைத்துக்கொள்ள எனக்கு இன்னொரு வாய்ப்பு வருவதும் கேட்டது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், ராவியோலியை மென்றுகொண்டு இருந்தால் போதும்.

"அவள் எங்கேயும் வரவில்லை சார்," என்றேன். "நான்தான் இங்கே வருகிறேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகுதான் நான் ஆட எழுந்தேன், உட்கார்ந்திருந்தால் அழுதிருப்பேன். பஸ் ஸ்டாண்டில் பேசாமல் இருந்தது கோபத்தில் இல்லை, பயத்தில். இந்த வயதில் ஒரு வீட்டைக் கலைத்துவிட்டு, வரவே மாட்டேன் என்று சொன்ன ஊருக்குப் போகிறேனே என்ற பயம். உன்னிடம் வாயைத் திறந்தால் நீ சந்தோஷப்படுவாய், பிறகு என்னால் பின்வாங்க முடியாது. முதலில் நானே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

எடுத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் சாவியை ஒப்படைக்கிறேன். சாமான்கள் லாரியில் வருகின்றன. நான் சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். நீ ஜெயித்தாய், நான் தோற்றேன் என்று எழுதியிருக்கிறாய். கணக்கு உன் தொழில், எனக்கு உன்னைவிட நன்றாக வருகிறது பார்.

உன் தயவில் இருக்க வரவில்லை. அந்த வகுப்பில் என் பெயரையும் சேர், முதல் வரிசையில் இடம் வேண்டும், புரியாவிட்டால் கேள்வி கேட்பேன்.

இனி எனக்கு உன்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் பக்கத்து அறையிலிருந்து கத்துவேன். பதில் உடனே வர வேண்டும்.

உன் அக்கா,
ஒலிந்தா